வரிசையில் நின்ற 51 இணைப்புகள்: ஒரு சென்னை டிராக்கிங் சர்வரின் நிகழ்வு ஆய்வு

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறிய நிறுவனம். வண்டிகளில் ஜிபிஎஸ் கருவி மாட்டி, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிகளுக்கு மேப்பில் காட்டுவதுதான் தொழில். கைவசம் சுமார் 2,600 வண்டிகள். சென்னைத் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போய்வரும் கண்டெய்னர் டிரெயிலர்கள், ஓஎம்ஆர் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் அடிக்கும் டேங்கர் லாரிகள், வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்துப் பள்ளி வேன்கள் என்று மூன்று ரகம். கருவி ஒவ்வொன்றிலும் ஒரு சிம் இருக்கும், பெரும்பாலும் 2ஜி மோடம். அது மும்பையில் இருக்கும் ஒரு வாடகை சர்வருக்கு டிசிபி இணைப்பு (அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று இரு முனையும் சரிபார்க்கும் ரகம்) போட்டு, முதலில் தன் அடையாள எண்ணான ஐஎம்இஐயைச் சொல்லும் லாகின் பாக்கெட்டை அனுப்பும். சர்வர் பதில் சொன்ன பிறகுதான் இருப்பிடத் தகவலை அனுப்பத் தொடங்கும். பதில் வராவிட்டால் இணைப்பை மூடிவிட்டு மறுபடி முயலும்.

சர்வர் புரோகிராம் ஜாவாவில் எழுதப்பட்டது. ஓடியது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில், அதன் மையப்பகுதியான கெர்னலின் பதிப்பு 3.10. இந்த இரண்டு விவரமும் பின்னால் தேவைப்படும்.

புகார் இதுதான். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்வது வழக்கம். செய்த பிறகு எல்லா வண்டியும் மேப்பில் திரும்ப வர 25 நிமிடம் ஆகிறது, சில நாள் அதற்கும் மேலே. ஆறு மணிக்குப் பள்ளி வேன்கள் கிளம்பிவிடும். பெற்றோர் ஆப்பைத் திறந்தால் வேன் நேற்று ராத்திரி நின்ற இடத்திலேயே நிற்கும். கன்ட்ரோல் ரூமில் இருக்கும் அக்கா டிரைவர்களுக்கு ஒவ்வொருத்தராக போன் போட வேண்டியிருந்தது. "அண்ணே, வண்டி எங்க நிக்குது?" "ஜீரோ கேட்டு லைன்ல நிக்கிறேன் மேடம், ரெண்டு மணி நேரமா." இப்படித்தான் ஜிபிஎஸ் வேலை பார்த்தது.

எல்லோரும் சிம் நிறுவனத்தைத்தான் கைகாட்டினார்கள். "டவர் பிராப்ளம் சார், காலையில இப்படித்தான்" என்றார் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2ஜி இணைப்பு எப்போது என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒரு சின்னக் கணக்கு இடித்தது. ஒரு லாகினுக்கு டேட்டாபேஸில் வண்டியைத் தேடிப் பதில் அனுப்ப சர்வருக்கு சுமார் 20 மில்லி நொடி. 2,600 வண்டியையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே த்ரெட்டில் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச்சரம்), சோம்பேறித்தனமாகச் செய்தாலும் 52 நொடியில் முடிந்துவிட வேண்டும். 52 நொடி எப்படி 25 நிமிடம் ஆனது? டவர் மோசமானால் சில வண்டி தாமதமாகும். எல்லா வண்டியும் ஒரே மாதிரி தாமதமாகாது.

அக்செப்ட் சுற்றுக்குள் என்ன இருந்தது

கோடைத் திறந்து பார்த்தால் அமைப்பு எளிமையானது. ஒரு த்ரெட் போர்ட்டில், அதாவது இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலில், லிசன் செய்கிறது. ஒரு முடிவில்லாத சுற்று. அதில் அடுத்த இணைப்பைக் கேட்டு வாங்கும் அக்செப்டை அழைக்கிறது, அந்த இணைப்பின் கைப்பிடியாக ஒரு புது சாக்கெட் கிடைக்கிறது. அதற்கு 20 நொடி ரீட் டைம்அவுட் வைக்கிறது. லாகின் பாக்கெட்டைப் படிக்கிறது, டேட்டாபேஸில் தேடுகிறது, பதில் எழுதுகிறது. பிறகு அந்த சாக்கெட்டுக்கென ஒரு தனி த்ரெட் உருவாக்கி ஒப்படைத்துவிட்டு, அடுத்த அக்செப்டுக்குப் போகிறது.

படிப்பதற்கு ஒழுங்காக இருக்கும். எழுதியவரையும் குறை சொல்ல மாட்டேன், பாடப்புத்தக உதாரணங்கள் பலவும் இந்த வரிசையில்தான் போகும். யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஒரு த்ரெட்டைச் செலவழிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். சிக்கல், படிக்கும் வேலை அக்செப்ட் சுற்றுக்குள்ளேயே இருப்பது. பேசாமல் நிற்கும் ஒரு கிளையன்ட் (சர்வரோடு இணைய வரும் எதுவும்) வந்தால் அந்த 20 நொடியும் வேறு யாரையும் சர்வர் எடுக்காது.

சரி, எடுக்காவிட்டால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? இங்கேதான் பலருக்கும் மனதில் இருக்கும் படம் தப்பு. அக்செப்ட் அழைத்தால்தான் இணைப்பு உருவாகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அக்செப்ட் எந்த இணைப்பையும் உருவாக்குவதில்லை. லிசன் என்று சொன்ன நிமிடத்திலிருந்து கெர்னல் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடுகிறது. இணையலாமா என்று கேட்கும் சின் பாக்கெட்டைக் கிளையன்ட் அனுப்பினால், சரி என்னும் சின்-ஆக்கைக் கெர்னலே அனுப்பும். கிளையன்டின் ஒப்புதலான ஆக் வந்ததும் ஹேண்ட்ஷேக் என்ற இந்தக் கைகுலுக்கல் முடிந்தது. முடிந்த இணைப்பைக் கெர்னல் ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கும். நம் புரோகிராம் அழைக்கும் அக்செப்ட், அந்த வரிசையின் முன்னால் நிற்பதை எடுத்துக் கையில் தரும் வேலை மட்டும்தான். புரோகிராம் தூங்கிக்கொண்டிருந்தாலும் கிளையன்டுக்கு "இணைந்துவிட்டது" என்று பதில் போய்க்கொண்டே இருக்கும்.

லினக்ஸில் இதற்கு இரண்டு வரிசை. ஹேண்ட்ஷேக் பாதியில் இருப்பவை ஒன்றில், முடிந்து அக்செப்டுக்காகக் காத்திருப்பவை இன்னொன்றில். லிசன் அழைப்பில் கொடுக்கும் பேக்லாக் எண், கெர்னல் 2.2 முதல் இரண்டாவது வரிசையின் அளவைத்தான் குறிக்கிறது. ஜாவாவின் சர்வர்சாக்கெட்டில் அந்த எண்ணைக் கொடுக்காமல் விட்டால் 50. இந்த கோடில் கொடுக்கவில்லை.

இந்த எண்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1983-இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் சாக்கெட் வந்தபோது பேக்லாக்கின் உச்சவரம்பு 5. அந்த 5 இன்னும் சாகவில்லை. பைதானின் சாக்கெட்சர்வர் மாட்யூலை அப்படியே பயன்படுத்தினால் இன்றைக்கும் வரிசை அளவு 5-தான். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் லினக்ஸில் 511 கேட்கும், ரெடிஸ் என்ற டேட்டாபேஸும் அதே 511. யாருடைய இயல்பு எண் எது என்று தெரியாமல் சர்வர் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

சர்வரில் பார்த்தது

அடுத்த திங்கட்கிழமை ரீஸ்டார்ட்டின்போது, சாக்கெட்டுகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை ஒரு நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தோம். லிசன் நிலையில் உள்ள சாக்கெட்டுக்கு இந்தக் கட்டளை காட்டும் இரண்டு எண்களுக்கும் தனிப் பொருள். சாதாரண இணைப்பில் ரெக்வ்-கியூ என்றால் படிக்கப்படாமல் கிடக்கும் பைட்டுகள். லிசன் சாக்கெட்டில் அது அக்செப்டுக்காகக் காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை. சென்ட்-கியூ என்பது வரிசையின் கொள்ளளவு. திரையில் வந்தது: ரெக்வ்-கியூ 51, சென்ட்-கியூ 50.

தம்பி கேட்டார், "50-க்குள்ள எப்படி சார் 51 நிக்குது?" கெர்னல் வரிசை நிரம்பிவிட்டதா என்று பார்க்கும்போது, நிற்பவர் எண்ணிக்கை அளவைவிட அதிகமா என்று கேட்கிறது, சமமா என்று கேட்பதில்லை. அதனால் எப்போதும் ஒன்று கூடுதலாக இடம் கிடைக்கும். 51 என்று பார்த்தால் வரிசை முழுதாக நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்த 51 கீழே இறங்கவே இல்லை. 49, 50, 51 என்று ஆடிக்கொண்டிருந்தது, ஏறக்குறைய அரை மணி நேரம்.

கூடவே என்ஸ்டாட் கட்டளையில் லிசன்ஓவர்ஃப்ளோஸ் என்ற எண்ணிக்கை, அதாவது வரிசை நிரம்பியதால் இடம் மறுக்கப்பட்ட தடவைகள், மளமளவென்று ஏறியது. ஒரு எச்சரிக்கை: இது அந்த மெஷின் முழுவதுக்குமான கூட்டுத்தொகை, எந்த போர்ட் என்று சொல்லாது. அதை எஸ்எஸ்ஸோடு சேர்த்துப் பார்த்தால்தான் குற்றவாளி தெரியும்.

அப்புறம் டிசிபிடம்ப், வந்துபோகும் பாக்கெட்டுகளை அப்படியே காட்டும் கட்டளை. ஒரே ஒரு வண்டியின் ஐபியை எடுத்துக்கொண்டு பார்த்தோம். கருவி சின் அனுப்புகிறது. சர்வர் சின்-ஆக் அனுப்புகிறது. கருவி ஆக் அனுப்புகிறது, உடனே லாகின் பாக்கெட்டையும் அனுப்புகிறது. 78 78 என்று தொடங்கும் சின்ன பாக்கெட், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, சர்வரின் வாசல்வரை வந்துவிட்டது. சர்வரோ ஒரு நொடி கழித்து மறுபடி சின்-ஆக் அனுப்புகிறது. மூன்றாவது நொடியில் இன்னொரு சின்-ஆக். ஏழாவது நொடியில் இன்னொன்று. கருவி "நான்தான் வந்துவிட்டேனே" என்று ஒவ்வொன்றுக்கும் ஆக் அனுப்புகிறது. சர்வர் காது கேட்காததுபோல் இருக்கிறது.

வரிசை நிரம்பியிருக்கும்போது லினக்ஸ் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஹேண்ட்ஷேக்கின் கடைசி ஆக் வந்தால், நிறுத்த இடமில்லை என்று சத்தமில்லாமல் அதைக் கீழே போட்டுவிடும். மறுப்பு எதுவும் அனுப்பாது. அந்த இணைப்பு சர்வர் பக்கம் இன்னும் பாதி ஹேண்ட்ஷேக்கில்தான் இருக்கிறது, அதனால் சின்-ஆக்கை மறுபடி அனுப்புகிறது. இயல்பாக ஐந்து முறை அனுப்பிப் பார்த்துவிட்டு, சுமார் ஒரு நிமிடத்தில் கைவிடும். கருவியைப் பொறுத்தவரை சின்-ஆக் வந்த கணமே இணைப்பு முடிந்தது. ஆக, ஒரே இணைப்பு ஒரு முனையில் முழுமை, மறுமுனையில் பாதி. புது சின் பாக்கெட்டுகளையும் இந்த நேரத்தில் கெர்னல் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடும்.

இதை ஆபீஸிலேயே ஒரு லேப்டாப்பில் செய்து காட்ட முடிந்தது. சின்ன ஸ்கிரிப்ட்: 60 இணைப்பு போடு, எதுவும் பேசாதே. டெஸ்ட் சர்வரில் ஒன்று அக்செப்ட் ஆனது, 51 வரிசையில் நின்றது. மீதியில் சில லேப்டாப் பக்கம் எஸ்டாப்ளிஷ்ட் என்றும் சர்வர் பக்கம் சின்-ரெசீவ்ட் என்றும் காட்டின. இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு டவர் பேச்சு நின்றது. அவர்கள் முன்பு லோடு டெஸ்ட் செய்யாமல் இல்லை. 500 கிளையன்டை வைத்துச் சோதித்திருந்தார்கள். ஆனால் எல்லாம் ஆபீஸ் நெட்வொர்க்கில் இருந்து, இணைந்த உடனே லாகின் அனுப்பும் நல்ல பிள்ளைகள். ஊமையாக நிற்கும் ஒரு கிளையன்ட்கூட அந்தச் சோதனையில் இல்லை.

ஊமைகள் எங்கிருந்து வந்தார்கள்

இதில்தான் இந்த நிகழ்வின் சாரம் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பொது ஐபியில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்தால், இணையத்தில் போர்ட்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் ஸ்கேனர்கள் வரும். சில இணைந்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்கும். அது எப்போதும் உண்டு, ஆனால் அது மட்டும் 25 நிமிடத்தை விளக்காது. எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் டிரெயிலர் ஒன்று இணைந்த கையோடு சிக்னலை இழக்கலாம். அதுவும் உண்டு. ஆனால் ஊமைகளில் பெரும்பங்கை உருவாக்கியது நிரம்பிய வரிசையேதான்.

எப்படி என்றால், ரீஸ்டார்ட் ஆனதும் 2,600 கருவியும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படுகின்றன. எல்லாவற்றிலும் மறுமுயற்சி இடைவெளி 10 நொடி என்று தொழிற்சாலையிலேயே அமைத்து வந்தது. அதனால் கூட்டமாகத் திரும்பி வருகின்றன. வரிசை உடனே நிரம்புகிறது. இடம் கிடைக்காத கருவியின் ஆக்கும் லாகின் பாக்கெட்டும் கீழே போடப்படுகின்றன. லாகின் பாக்கெட்டுக்குப் பதில் வராததால் கருவியின் டிசிபி அதை மறுபடி அனுப்பும், ஆனால் ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி. 2ஜியில் அந்த இடைவெளி ஏற்கனவே பெரிது. நான்காவது ஐந்தாவது முயற்சிக்குள் பத்துப் பதினைந்து நொடி என்று வந்துவிடுகிறது.

இதற்கிடையில் வரிசையில் ஒரு இடம் காலியாகிறது. அந்த நேரத்தில் சர்வர் அனுப்பிய சின்-ஆக்குக்குக் கருவி ஒரு வெறும் ஆக் அனுப்புகிறது, அதில் தகவல் எதுவும் இல்லை. ஆனால் ஹேண்ட்ஷேக்கை முடிக்க அது போதும். இணைப்பு வரிசைக்குள் வந்துவிட்டது. புரோகிராம் அக்செப்ட் செய்து, படிக்கப் போகிறது. படிக்க ஒன்றும் இல்லை! லாகின் பாக்கெட் அடுத்த மறுமுயற்சியில்தான் வரும், அதற்கு இன்னும் பத்து நொடி இருக்கிறது. அந்தப் பத்து நொடியும் அக்செப்ட் சுற்று சும்மா நிற்கிறது. அது சும்மா நிற்பதால் வரிசை இன்னும் நிரம்பியே இருக்கிறது. வரிசை நிரம்பியிருப்பதால் இன்னும் பல கருவிகளின் லாகின் கீழே விழுகிறது. அவையும் இதேபோல ஊமையாக உள்ளே வரும். தன் வாலைத் தானே தின்னும் சுற்று இது.

அதோடு இன்னொன்று. கருவி 30 நொடி பார்த்துவிட்டுப் பதில் இல்லை என்று இணைப்பை மூடிவிடும். ஆனால் அது நின்ற இடம் வரிசையில் அப்படியே இருக்கும், கெர்னல் அதை எடுத்து வீசாது. அரசு ஆஸ்பத்திரி ஓபியில் டோக்கன் எடுத்தவர் வீட்டுக்கே போன பிறகும் அவர் எண்ணைக் கூப்பிட்டுக் காத்திருப்பதுபோல, சர்வர் போய்விட்ட கருவிகளை ஒவ்வொன்றாக அக்செப்ட் செய்து, டேட்டாபேஸில் தேடி, ஆளில்லாத சாக்கெட்டில் பதில் எழுதி, ரீசெட் வாங்கிக்கொண்டிருந்தது. லாகில் பார்த்தால் "லாகின் வெற்றி" என்று வரிசையாக இருக்கும், அடுத்த வரியிலேயே "இணைப்பு அறுந்தது". சர்வர் மும்முரமாகத்தான் வேலை செய்தது. இருக்கிறவர்களுக்குச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

52 நொடி 25 நிமிடம் ஆன கதை இதுதான்.

திருத்தமும் அதன் பாதி வெற்றியும்

முதலில் வந்த யோசனை, பேக்லாக்கை 5,000 ஆக்கிவிடலாம் என்பது. நான் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எடுக்கும் வேகம் மாறாமல் வரிசையை மட்டும் நீட்டினால் ஊமை சுற்று குறையும், உண்மைதான். ஆனால் 5,000 பேர் நிற்கும் வரிசையின் கடைசியில் இருப்பவரின் முறை வருவதற்குள் அவர் போய்விட்டிருப்பார். போனவர்களுக்கு வேலை செய்யும் நோய் அதிகமாகும். இன்னொரு யோசனை, வரிசை நிரம்பினால் சத்தமில்லாமல் போடாமல் ரீசெட் அனுப்பச் சொல்லும் கெர்னல் அமைப்பு ஒன்று உண்டு, டிசிபி அபார்ட் ஆன் ஓவர்ஃப்ளோ என்று பெயர். இயல்பில் அணைந்திருக்கும். அதை இயக்கினால் ஒரு நொடி நெரிசலுக்குக்கூட கிளையன்டுகள் அடிபட்டுத் திரும்பும். சர்வரை வேகப்படுத்தவே முடியாது என்று உறுதியானால்தான் அதைத் தொட வேண்டும் என்று லினக்ஸ் ஆவணமே சொல்கிறது.

செய்தது எளிமையானது. அக்செப்ட் த்ரெட் இனி அக்செப்ட் மட்டும் செய்யும். கிடைத்த சாக்கெட்டை ஒரு வேலைக்குழுவிடம் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். குழுவில் 64 த்ரெட். லாகின் வர மொத்தம் 10 நொடி கெடு. மொத்தம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஜாவாவின் சாக்கெட் டைம்அவுட் ஒவ்வொரு ரீடுக்கும் தனித்தனி. ஒன்பது நொடிக்கு ஒரு பைட் என்று சொட்டுச் சொட்டாக அனுப்பும் கிளையன்ட் அதில் மாட்டாது. குழுவின் முன்னால் காத்திருக்கும் சாக்கெட் 500-ஐத் தாண்டினால், புதிதாக வருவதை உடனே மூடிவிடும். இது கடுமையாகத் தெரியலாம். ஆனால் உடனே மூடினால் கருவிக்கு விஷயம் தெரிகிறது, பத்து நொடியில் புது இணைப்போடு வரும். பதிலே சொல்லாமல் நிறுத்தி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பேக்லாக்கையும் 1,024 ஆக்கினோம். எடுக்கும் வேகம் கூடிய பிறகு இந்த அளவு நியாயமானது. புதுப் பதிப்பை ஏற்றிவிட்டு எஸ்எஸ் பார்த்தால் சென்ட்-கியூ 128 என்று நிற்கிறது. கோடில் 1,024 என்று தெளிவாக இருக்கிறது. லிசன் எந்தப் பிழையும் சொல்லவில்லை. காரணம், சோமேக்ஸ்கான் என்ற கெர்னல் அமைப்பு. கேட்ட பேக்லாக் இதைவிடப் பெரிதாக இருந்தால் கெர்னல் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடும். லினக்ஸ் 5.4 முதல் இதன் இயல்பு அளவு 4,096. அதற்கு முன்பு 128. இவர்களிடம் இருந்ததோ 3.10. அதை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் சாக்கெட்டுக்குப் பலிக்காது, லிசன் அழைக்கும்போது இருந்த மதிப்புதான் ஒட்டிக்கொள்ளும். அதனால் இன்னொரு ரீஸ்டார்ட். இந்த முறை சென்ட்-கியூ 1,024.

வண்டிகள் இரண்டு நிமிடத்துக்குள் மேப்புக்கு வந்துவிட்டன. அதில் பெரும்பகுதி கருவிகளின் சொந்த இடைவெளிதான். கன்ட்ரோல் ரூம் அக்கா "இன்னிக்கு யாருக்கும் போன் போடல" என்றார்.

மூன்றாவது வாரம்

பிரச்சினை தீர்ந்ததால் திங்கட்கிழமை ரீஸ்டார்ட்டையும் நிறுத்தினார்கள். எதற்காக அதைத் தொடங்கினார்கள் என்று கேட்டபோது ஒருவருக்கும் காரணம் நினைவில்லை. "வாரத்துக்கு ஒரு தடவை போட்டா சர்வர் ஃப்ரெஷ்ஷா இருக்கும்னு பழைய டீம் சொல்லிட்டுப் போனாங்க சார்." நியாயமான முடிவாகத்தான் தோன்றியது.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், சிம் நெட்வொர்க் சில நிமிடம் படுத்து எழுந்தது. வண்டிகள் திரும்ப வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பழைய நோய் அப்படியே: கருவி இணைகிறது, லாகின் அனுப்புகிறது, பதில் இல்லை. ஆனால் சர்வரில் சிபியூ ஒரு கோர் முழுதாக எரிகிறது, லாக் ஃபைல் பூதமாக வளர்கிறது. ஒரே பிழை ஆயிரக்கணக்கில்: டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்.

யூனிக்ஸில் (லினக்ஸிலும்) ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர், அதாவது திறந்திருக்கும் ஒன்றைக் குறிக்கும் எண். ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு உண்டு. வரம்பு தீர்ந்தால் அக்செப்ட் தோற்கும். ஆனால் வரிசையில் நிற்கும் இணைப்பு அங்கேயே நிற்கும், அது வெளியே எடுக்கப்படவில்லை. சாதாரணமாக ஆள் இல்லாவிட்டால் அக்செப்ட் காத்திருக்கும். இங்கே ஆள் இருக்கிறார், எடுத்து வைக்கக் கை இல்லை. அதனால் அக்செப்ட் உடனே பிழையோடு திரும்புகிறது. கோடோ பிழையைப் பிடித்து, லாகில் எழுதி, அடுத்த கணமே மறுபடி அக்செப்ட் அழைக்கிறது. மூச்சுவிடாத சுற்று. கூடவே பக்கவிளைவுகள்: புது லாக் ஃபைல் திறக்க டிஸ்கிரிப்டர் இல்லை, அதனால் லாக் சுழற்சி நின்றது. டேட்டாபேஸுக்குப் புது இணைப்பு போட முடியவில்லை. டிஸ்க் நிரம்பத் தொடங்கியது.

வரம்பு எவ்வளவு? லிமிட்ஸ்.கான்ஃப் ஃபைலில் 65,535 என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். அதைக் காட்டி "லிமிட் எல்லாம் ஏத்தி வெச்சிருக்கோமே சார்" என்றார் தம்பி. ஆனால் அந்த ஃபைல் லாகின் செய்து உள்ளே வருகிறவர்களுக்கு. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி மூலம் ஓடும் சேவைக்கு அது பொருந்தாது, சேவையின் யூனிட் ஃபைலிலேயே தனியாகச் சொல்ல வேண்டும். ஓடும் புராசஸின் உண்மையான வரம்பைப் பார்க்க ப்ராக் டைரக்டரியில் அந்த புராசஸ் எண்ணுக்குக் கீழே லிமிட்ஸ் என்று ஒரு ஃபைல் உண்டு. அதைத் திறந்தால் 4,096. மென்வரம்பு (புராசஸ் தானே உயர்த்திக்கொள்ளக்கூடியது) 1,024-ஆக இருந்தாலும் ஜாவா தானே அதைக் கடும்வரம்புவரை (அதற்கான உச்சம்) உயர்த்திக்கொள்ளும், அந்த 4,096 அப்படி வந்தது.

2,600 வண்டிக்கு 4,096 போதாதா? போதும், செத்த இணைப்புகள் இல்லாவிட்டால். வண்டி சிக்னல் இழந்து புது இணைப்போடு திரும்பும்போது, பழைய இணைப்பு செத்துவிட்டது என்று சர்வருக்கு யாரும் சொல்வதில்லை. மொபைல் நெட்வொர்க்கில் கருவிகள் பகிர்ந்த ஐபிக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே வழி மறக்கப்பட்டுவிட்டால், மூடும் பாக்கெட்கூட வந்து சேராது. சர்வர் அந்த சாக்கெட்டில் ரீட் போட்டுக்கொண்டு காலமெல்லாம் காத்திருக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் டிசிபி கீப்அலைவ் கண்டுபிடித்துவிடாதா என்றால், ஜாவாவில் அது இயல்பாக அணைந்திருக்கும். இயக்கினாலும் லினக்ஸில் முதல் சோதனைப் பாக்கெட் போவதற்கே 7,200 நொடி, முழுசாக இரண்டு மணி நேரம். லாகின் முடிந்த பிறகு சர்வர் ரீட் டைம்அவுட்டையும் எடுத்துவிட்டிருந்தது.

பழைய டீம் வாராவாரம் ரீஸ்டார்ட் போட்டதன் ரகசியம் இதுதான். டிஸ்கிரிப்டர்கள் கசிந்துகொண்டிருந்தன, ரீஸ்டார்ட் அதைத் துடைத்தது, காரணம் மட்டும் காற்றில் போய்விட்டது. ஒரு நோய்க்குப் போட்ட கைவைத்தியம் இன்னொரு நோயைக் கிளப்பியிருக்கிறது. இரண்டாவதைக் குணமாக்கியதும் முதலாவது எட்டிப் பார்த்தது.

திருத்தங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். யூனிட் ஃபைலில் வரம்பு 65,536. கருவிகள் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லும் ஹார்ட்பீட் அனுப்புகின்றன, ஆகவே 10 நிமிடம் ஒன்றும் வராத சாக்கெட்டை மூடு. ஒரே ஐஎம்இஐ மறுபடி லாகின் செய்தால் அதன் பழைய சாக்கெட்டை அப்போதே மூடு. கசிவை உண்மையில் அடைத்தது இந்தக் கடைசி ஒன்றுதான், மற்றவை காப்பீடு. அக்செப்ட் டிஸ்கிரிப்டர் பற்றாக்குறையால் தோற்றால் 200 மில்லி நொடி பொறுத்துவிட்டு அழை, லாகில் நிமிடத்துக்கு ஒரு வரிக்கு மேல் எழுதாதே. சி மொழிக்காரர்கள் இந்த இடத்தில் ஒரு பழைய தந்திரம் செய்வார்கள்: முன்கூட்டியே ஒரு டிஸ்கிரிப்டரைச் சும்மா திறந்து வைத்திருப்பார்கள், நெருக்கடியில் அதை மூடி, கிடைத்த இடத்தில் அக்செப்ட் செய்து, வந்தவரை உடனே வழியனுப்பிவிட்டு, மறுபடி திறந்து வைத்துக்கொள்வார்கள். அழகான வழிதான். பல த்ரெட் ஓடும் ஜாவா புரோகிராமில் மூடிய இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்பதால் இங்கே அதைச் செய்யவில்லை.

ஒரே போர்ட்டில் பல லிசன் சாக்கெட்டுகளைத் திறக்கலாமே என்றும் பேச்சு வந்தது. லினக்ஸ் 3.9 முதல் எஸ்ஓ ரீயூஸ்போர்ட் அதற்கு வழி தருகிறது. நொடிக்குப் பல்லாயிரம் புது இணைப்பு வரும் இடத்தில் அது வேண்டும். 2,600 வண்டிக்கு ஒரே அக்செப்ட் த்ரெட் தாராளம், அது சும்மா அக்செப்ட் மட்டும் செய்யும்வரை. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதால் சர்வரை மாற்றச் சொன்னேன், அது அவர்கள் பட்டியலில் இருக்கிறது.

கண்காணிப்புக்கு இரண்டு எண் வைத்தோம். லிசன்ஓவர்ஃப்ளோஸ் ஒரு நிமிடத்தில் ஒன்று கூடினாலும் போனுக்குச் செய்தி. திறந்திருக்கும் சாக்கெட் எண்ணிக்கை, லாகினில் உள்ள வண்டி எண்ணிக்கையைவிட 300-க்கு மேல் அதிகமானால் இன்னொரு செய்தி. இரண்டாவது எண்ணைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், கசிவு இருந்தால் அது நாள் கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிடும்.

மிச்சம் இருந்தது கருவிகளின் பக்கம். எல்லாம் பத்து நொடிக்கு ஒருமுறை கூட்டமாக வருவதைக் கலைக்க, மறுமுயற்சி இடைவெளியை எஸ்எம்எஸ் கட்டளையால் மாற்றினார்கள். ஐஎம்இஐயின் கடைசி இலக்கத்தை மூன்றால் பெருக்கி 10-ஓடு கூட்டினால் வருவது அந்தக் கருவியின் இடைவெளி. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால் 0 முதல் 9 வரை ஓரளவு சமமாகப் பரவியிருக்கும். வேன்களும் டிரெயிலர்களும் கேட்டுக்கொண்டன. டேங்கர் லாரிகளில் இருப்பது பழைய மாடல், அந்தக் கட்டளை அதற்குப் புரியாது. சுமார் 700 டேங்கர் இன்றைக்கும் ஒன்றாகவே வந்து இடிக்கின்றன. அந்த நேரத்தில் ரெக்வ்-கியூ முந்நூறைத் தொட்டுவிட்டு ஒரு நொடிக்குள் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறது. அந்தக் கருவிகளை மாற்றும்வரை 1,024-ஐக் குறைக்க வேண்டாம் என்று கன்ஃபிக் ஃபைலில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம், காரணத்தோடு.